மிருதங்க வித்துவானின் மகன்

1

இந்த நாட்டில் கெட்ட செய்திகூடச் சிரித்த முகத்தோடுதான் வரும். அன்று பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசி ‘டிங்’ என்றது. மகளின் பள்ளிக்கூடத்துச் செயலி.

“வணக்கம்! அஞ்சனாவின் நலன் தொடர்பான ஓர் உரையாடலுக்கு உங்களை அன்போடு அழைக்கிறோம். குடும்பத்தில் நடந்த அடிதடி பற்றி அவர் சில கவலைகளைப் பகிர்ந்துள்ளார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருப்பார்.” முடிவில் ஒரு மஞ்சள் உருண்டை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

மாத்தளையில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இதன் பயங்கரம் விளங்காது. அங்கே பிள்ளையை அடிக்காத அப்பனைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு ஏசுவார்கள். இங்கே அடித்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்திலேயே நோர்வேத் தமிழன் பாதிப் பேர் ஒழுங்காக இருக்கிறான். நான் என் மகளை அடித்ததில்லை. ஒரே ஒருமுறை கையை ஓங்கினேன். “அப்பா, அதுக்குச் சட்டம் இருக்கு” என்றாள். ஓங்கிய கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டேன்.

ஆனால் அந்தச் செய்தி சொன்ன அடிதடி என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அடித்தவர் என் அப்பா. அவர் செத்துப் பத்து வருசம். பதினாறு வயதாகும் என் மகளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. அவர் எதை அடித்தார் என்று நான் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தச் செய்தியே வந்திருக்காது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு அம்மா என் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு விசாரித்தார். இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று மாத்தளைக் கச்சேரி அலுவலகத்தில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

“இந்தியாவிலிருந்து இலங்கைக்கு எப்போது வந்தீர்கள்?”

“நான் வரவில்லை. என் தாத்தாவின் அப்பா வந்தார்.”

“எப்படி?”

“மன்னார் வரைக்கும் தோணியில். அங்கிருந்து மாத்தளைக்கு நடந்து.”

நடந்து வந்ததை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. நெடுநேரம் கணினியைப் பார்த்தார். கடைசியில் ‘வேறு’ என்ற கட்டத்தில் என்னைப் போட்டார். அந்தக் கட்டத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

அடுத்தது எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம். சங்கத்தின் செயலாளர் சிவபாலன் அண்ணை. பகலில் அரசாங்கத்துக்கு மொழிபெயர்ப்பாளர், மாலையில் தமிழுக்குக் காவலர். என்னைக் கண்ட முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

“தம்பி யாழ்ப்பாணத்தில எவடம்?”

“நான் மாத்தளைங்க.”

“அது சரி, பிரச்சினைக்கு இடம்பெயர்ந்து மாத்தளையில நிண்டிருப்பியள். சொந்த இடம் எவடம்?”

“பலாபத்வலங்க. அங்க இறங்கி மேல ஏறணும். தேயிலைத் தோட்டம்.”

அண்ணை ஏதோ நோயின் பெயரைக் கேட்டவர் மாதிரி முகத்தைச் சுருக்கினார். பிறகு, பாவம், மரியாதைக்காக இன்னொரு கேள்வி கேட்டார். “தகப்பனார் என்ன செய்தவர்?”

இதே கேள்வியை அதே வாரம் மொழி வகுப்பிலும் கேட்டிருந்தார்கள். எனக்கு அப்போது தெரிந்த நோர்வே மொழியில் மேளம் அடிப்பவர் என்று சொல்ல ஒரு சொல் இருந்தது. சொன்னேன். ஆசிரியை கையைத் தட்டி, “ஆகா! எந்த பாண்டில்?” என்று கேட்டார். வகுப்பே என்னைப் பொறாமையோடு பார்த்தது. அந்த மொழியில் உண்மை சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

தமிழில் அப்படி இல்லை. என் அப்பா சடையன் தோட்டத்தில் தப்பு அடித்தவர். தப்பு என்றால் உங்களுக்குத் தெரியும். வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, இரண்டு குச்சியால் அடிப்பது. விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஜனங்களைக் கூப்பிட அதுதான். சாமி வருவதற்கும் அதுதான், பிணம் போவதற்கும் அதுதான். அதை அடிக்கிறவர் லயத்து வீட்டு வரிசையில் எந்த மூலைக் காம்பராவில் இருப்பார், அவருக்கு மட்டும் டீ எந்தக் கோப்பையில் கொடுப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று யாராவது சொன்னால் அவர் அந்தக் கோப்பையில் குடிக்காதவர்.

“அப்பாவுங்களா... அவரு இசைங்க” என்றேன்.

“என்ன இசை?”

“தாளம். தோல் வாத்தியம்.”

“மிருதங்கமோ?”

“ஆமாங்க.”

அவ்வளவுதான் என் பொய். ஒரே ஒரு ‘ஆமாங்க’. மிச்சத்தை மற்றவர்கள் வளர்த்துக்கொண்டார்கள். அடுத்த வருசச் சங்க மலரில் அப்பா ‘மிருதங்கக் கலைஞர்’ ஆனார். அதற்கடுத்த மலரில் ‘வித்துவான்’. அவர் இறந்தபோது அஞ்சலிப் பக்கத்தில் சடையன் என்ற பெயர் அச்சுக்கு ஒத்துவரவில்லை என்று ‘அமரர் சடாட்சரம்’ என்று போட்டார்கள். நான் பிழை திருத்தவில்லை. மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்று சபையில் யாரும் கேட்பதில்லை பாருங்கள், அது எனக்கு வசதியாக இருந்தது.

3

இந்த வருசம் சங்கத்துக்கு ஒரு பெரிய கவலை வந்தது. பிள்ளைகளுக்கு அடையாளம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தது வாட்ஸ்அப் குழுவில். அந்தக் குழுவில் காலையில் பிள்ளையாரும் மத்தியானம் சர்க்கரை நோய்க்கு மருந்தும் வந்து விழும். இடையில் யாரோ ஒருவர், “நம் சந்ததி வேரற்றுப் போகிறது” என்று அழும் முகத்தோடு போட்டார். அறுபது பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

வேரைத் தேடும் வழியும் கைப்பேசியிலேயே கிடைத்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாத்தா பாட்டியைப் பற்றி ஒரு நிமிட வீடியோ செய்து சங்கப் பக்கத்தில் போட வேண்டும். பிறகு விழாவில் பெரிய திரையில் காட்டப்படும். அதிக இதயம் வாங்கும் வீடியோவுக்குப் பரிசு. பரிசு ஒரு கைப்பேசி.

வீடியோக்கள் வந்து குவிந்தன. வந்த தாத்தாக்களில் ஒன்பது பேர் தலைமை ஆசிரியர், நான்கு பேர் ஸ்டேஷன் மாஸ்டர், மிச்சப் பேர் ‘ஊரில் பெரிய மனிதர்’. ஒரு தாத்தாவாவது சும்மா இருந்ததாக இல்லை. எல்லா வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் இனித்தது. ஒரு பையன் ஜீன்ஸுக்கு மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு, “நான் தமிழன்டா” என்று நோர்வே உச்சரிப்பில் கர்ஜித்தான். பின்னணியில் பனைமரம் ஆடியது. மரம் செயலி கொடுத்தது. இன்னொரு பிள்ளைக்கு முகத்தில் விபூதியையும் செயலியே பூசிவிட்டது. அது தலையை ஆட்டியபோது விபூதி மூக்குக்கு வந்துவிட்டது.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மனைவி ரமணி மாத்தளை டவுனில் ஒரு அரசாங்க உத்தியோகத்தரின் மகள். அவளுடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். என் அப்பா யாரென்று தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் சிரிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“அவங்களாவது மரத்தத்தான் பொய்யா வச்சிருக்காங்க. நீங்க அப்பாவையே மாத்திட்டீங்க.”

சிரிப்பு நின்றது. அடுத்த நிமிசம் அஞ்சனா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அப்பா, நானும் வீடியோ செய்யப் போறேன். தாத்தா மிருதங்கம் பத்தி அத்தையக் கேக்கிறேன்” என்றாள்.

4

அத்தை என்பது என் அக்கா பூமணி. தோட்டத்தில் கொழுந்து பறித்து முடித்து, இப்போது பலாபத்வலைப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் பட்டை உரிக்கிறாள். சீகிரியாவுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் வழியில் இறங்கிக் கறுவா, ஏலம், வெனிலா எல்லாம் மோந்து பார்த்துவிட்டுப் போகும் இடம். அங்கே தேயிலை ஒரு செடிகூட இல்லை. ஆனாலும் வாசலில் கொழுந்துக் கூடையும் சேலையும் தொங்கும். வந்தவர்கள் மாட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள். “நா இருவத்தெட்டு வருசம் அந்தக் கூடைய மாட்டிக்கிட்டு நின்னேன்டா தம்பி, ஒரு நாய் என்னய படம் புடிக்கல” என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அக்காவுக்கு என் மிருதங்கக் கதை தெரியாது. அதனால் மருமகள் வீடியோவில் கூப்பிட்டு, “அத்தை, தாத்தா என்ன செஞ்சது?” என்று கேட்டதும், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிட்டாள்.

“ஒங்க தாத்தா நாப்பது வருசம் தப்பு அடிச்சாரும்மா. எழவு வீட்டுல அடிப்பாரு, கோயில்ல அடிப்பாரு. வெள்ளன அடிச்சுத்தான் எல்லாத்தையும் எழுப்புவாரு. அவரு அடிச்சா கெழவிங்க கூட துள்ளுவாங்க. பெரிய தொரயே நின்னு பாத்துட்டுப் போவாரு!”

என் மகளின் தமிழ், சாப்பாட்டு மேசையைத் தாண்டாது. புரியாததைப் பதிவு செய்து கைப்பேசிக்குக் கொடுத்தாள். கைப்பேசி யோசிக்காமல் நோர்வே மொழியில் எழுதியது. அதைத் திருப்பித் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘உங்கள் தாத்தா நாற்பது வருடங்கள் தவறாக அடித்தார். துக்க வீடுகளில் அடித்தார். கோயிலில் அடித்தார். அதிகாலையில் அடித்து அனைவரையும் எழுப்பினார். அவர் அடித்தபோது முதிய பெண்களும் துள்ளினார்கள். முதலாளி நின்று பார்த்துவிட்டுப் போனார்.’

இரண்டு நாள் அஞ்சனா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்தால் பார்த்தாள், கதவைச் சாத்தினால் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்:

“அப்பா, தாத்தா உங்களை அடிச்சுதா?”

“சேச்சே. ஏம்மா?”

“மத்த ஆளுங்களை? வயசான பொம்பளைங்களை?”

கைப்பேசியை நீட்டினாள். நான் ஒரு தடவை வாசித்ததுமே, அக்கா சொன்ன சொல் எது, இயந்திரம் விளங்கிக்கொண்டது எது என்று தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, “அடி மக்கு, அது மேளம்” என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது.

அப்புறம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பரவாயில்லை, தப்பு என்பதை மேளம் என்று அவள் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன். தாத்தா ஒரு முரடர் என்று மகள் நினைத்துவிட்டுப் போகட்டும், சங்கத்தில் மிருதங்கம் பிழைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். பெற்ற அப்பனை ரவுடியாக்கிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்ட மகன் நான்.

“அதெல்லாம் பழைய காலம்மா. விடு” என்றேன்.

அவள் விடவில்லை. இங்கே பிள்ளைகளுக்கு ஒன்றை விடக்கூடாது என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துத் தாதியிடம் போய், எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அடிதடி இருந்திருக்கிறது, அப்பா அதைப் பேச மறுக்கிறார் என்று சொன்னாள்.

5

தாதியின் அறையில் கம்பளிப் பூனை ஒன்றும், கண்ணீர் துடைக்க ஒரு பெட்டிக் கடதாசியும் இருந்தன. அஞ்சனா ஒரு நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் மேசைமேல் தொலைபேசி.

“எனக்கு உங்கள் மொழி தெரியும். தினம் காலையில் உங்களை பஸ்ஸில் கொண்டுவந்து விடுபவன் நான்தான்” என்றேன். தாதி கனிவாகத் தலையாட்டினாள். முக்கியமான விசயம் தாய்மொழியில்தான் பேசப்பட வேண்டும், அது விதி என்றாள். தொலைபேசியை அழுத்தினாள்.

மொழிபெயர்ப்பாளர்கள் பெயர் சொல்லக் கூடாது, இலக்கம்தான் சொல்ல வேண்டும். அந்தக் குரல் இலக்கம் சொல்லி முடிப்பதற்குள் நான் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். சிவபாலன் அண்ணை.

அவருக்கும் என் குரல் தெரிந்திருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டார். தாதி நீளமாக ஏதோ கேட்டாள். அண்ணை சுருக்கினார்.

“உங்கட தகப்பனார் ஆக்களுக்கு அடிக்கிறவரோ எண்டு கேக்கினம்.”

ஆமாம் என்று சொன்னால் கதை முடிந்தது. செத்தவரை எந்தப் பொலீசும் பிடிக்காது. மிருதங்கமும் தப்பிக்கும். கோபக்கார வித்துவான் என்று வைத்துக்கொள்வார்கள். நான் அஞ்சனாவைப் பார்த்தேன். கடதாசியை விரலில் சுற்றிச் சுற்றிக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தே இராத ஒரு மனிதருக்காக, அவர் யாரையோ அடித்தார் என்று நினைத்து, அவள் அழுதிருந்தாள். அந்த மனிதர் ஒரு கோழிக்குஞ்சைக்கூட விரட்டியதில்லை.

“எங்கப்பா ஒரு மனுசனையும் அடிச்சதில்லீங்க” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இருபத்தைந்து வருசமாகச் சங்கத்தில் அமுக்கி வைத்திருந்த தோட்டத்துப் பேச்சு அப்படியே வந்தது. “தப்பு அடிச்சாரு. தப்புங்க. தோல்ல செய்யிற தப்பு.”

தொலைபேசியில் அண்ணை திரும்பவும் தொண்டையைச் செருமினார்.

தாதி, “தாப்?” என்றாள். அவர்கள் மொழியில் ‘தாப்’ என்றால் இழப்பு. “உங்களுக்குப் பெரிய இழப்பு இருந்திருக்கிறது” என்று கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

ஒருவழியாக அண்ணை விளக்கம் கொடுத்தார். அது ஒரு வகை மேளம், அடிப்பது என்றால் வாசிப்பது என்றார். சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. மெல்லிய குரலில், தமிழில், “அப்ப மிருதங்கம்?” என்று கேட்டுவிட்டார்.

“என்ன சொல்கிறார்?” என்றாள் தாதி.

மொழிபெயர்ப்பாளருக்கு நான் மொழிபெயர்த்தேன். “இசை சம்பந்தமாக ஒரு சந்தேகம் கேட்கிறார்.”

தாதிக்கு ஒரே சந்தோசம். எவ்வளவு அழகான கலாசாரம் என்று விசாரணைக் கோப்பை மூடினாள். அஞ்சனா மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து முதலில் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு யோசனையாக மாறுவதைப் பார்த்தேன்.

6

காரைக் கிளப்பியதும் சிவபாலன் அண்ணை அழைத்தார். காரின் ஒலிபெருக்கியில் அவர் குரல் கோயில் அறிவிப்பு மாதிரி நிறைந்தது. பக்கத்தில் மகள் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு அவகாசம் தரவில்லை.

“தம்பி, தொழில் ரகசியம். நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போட்டுது. மிருதங்கம் எண்டே கிடக்கட்டும், என்ன? உங்களுக்கும் நல்லது, சங்கத்துக்கும் நல்லது.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். “சரி அண்ணை. பெரிய உபகாரம்” என்றேன். நன்றி வேறு சொன்னேன்.

வீட்டுக்கு வந்தோம். சமையலறையில் ரமணி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் மேசையில் உட்கார்ந்து, “மேளம் கெட்டதா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“அப்ப ஏன் ரகசியம்?”

நோர்வேயில் பிறந்த பிள்ளைக்குச் சாதியை விளக்கிப் பாருங்கள். அந்தத் தோலைத் தொடுகிறவரை மற்றவர்கள் தொடமாட்டார்கள் என்றேன். மற்றவர்கள் என்றால் யார், முதலாளியா என்றாள். இல்லை, பக்கத்துக் காம்பராவில் இருக்கிற, அதே கொழுந்தைப் பறிக்கிற, அதே பசியில் கிடக்கிற ஆட்கள் என்றேன். இங்கேயும் அப்படியா என்றாள். இங்கே எல்லாரும் தொடுவார்கள், ஊர் எது, அப்பா யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தொடுவார்கள் என்றேன்.

“நீங்க தாத்தாவ நெனச்சு வெக்கப்பட்டீங்களா?”

இந்தக் கேள்வியை அவள் சரியான தமிழில், ஒரு பிழையும் இல்லாமல் கேட்டாள். நான் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

ரமணி கத்தியை வைத்துவிட்டு, “மாமா செத்த அன்னைக்குப் போன்ல நடந்ததச் சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். அப்பா இறந்தபோது நான் போகவில்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று எல்லாக் காரணமும் வைத்திருந்தேன். அக்கா வீடியோவில் காட்டினாள். நாற்பது வருசம் மற்றவர்கள் சாவுக்கு அடித்தவருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்புக்காரர்கள் வந்திருந்தார்கள். கூலி பேசாமல், கூப்பிடாமலே வந்தார்கள் என்று அக்கா அழுதுகொண்டே சொன்னாள். தப்பைக் காய்ச்சி, அப்பாவின் தலைமாட்டில் நின்று முதல் அடி அடித்தார்கள். அந்த நேரம் என் வரவேற்பறையில் சங்கத்து ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். வித்துவானுக்கு அஞ்சலி. கைப்பேசியிலிருந்து தப்புச் சத்தம் கிளம்பியதும் என் விரல் தானாகப் போய் ஒலியை நிறுத்திவிட்டது. மிச்சம் முழுக்க ஊமைப் படமாகத்தான் பார்த்தேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நான் அந்த ஒலியைத் திறக்கவில்லை.

“எனக்கு ஞாபகம் இருக்கு” என்றாள் அஞ்சனா. “நான் சின்னப் பிள்ளை. போன்ல ஆளுங்க ஆடினாங்க, சத்தமே இல்ல. ஏன்னு கேட்டேன். நீங்க நெட் சரியில்லன்னு சொன்னீங்க.”

எனக்கு அது ஞாபகமில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். என்னைத் தெரியாதா எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு கொப்பியை எடுத்து வந்தாள். “அப்பா, தப்பு ரெண்டு இருக்கு. எது எப்பிடிச் சொல்றது?”

“அடிக்கிற தப்பு வேற, செய்யிற தப்பு வேற. தப்பு அடிச்சார்னா மேளம். தப்பு செஞ்சார்னா குத்தம். வினைச்சொல்லைப் பாத்துப் போடு, இல்லன்னா மறுபடி தாதியக் கூப்பிட்டுருவாங்க” என்றேன். ஒரு சொல்லுக்கு ஒரு வினை என்று அவள் அழகாக எழுதிக்கொண்டாள். மகள் தமிழ் படிக்கிறாளே என்று எனக்குப் பெருமை வேறு.

7

விழா மேடையில் ‘வேர்களைத் தேடி’ என்று பதாகை. அச்சடித்த கணினிக்குத் தமிழ் எழுத்துரு ஒத்துவராமல் கொம்பெல்லாம் எழுத்தை விட்டு விலகித் தனித்தனியே நின்றன. யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சிவபாலன் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். “அடுத்ததாக, மிருதங்க வித்துவான் அமரர் சடாட்சரம் அவர்களின் பேத்தி, செல்வி அஞ்சனா!” சொல்லும்போது என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். ரகசியம் பத்திரம் என்று அர்த்தம்.

அஞ்சனா மேடைக்கு ஏறினாள். அவள் கையில் சீட்டு இல்லை. நோர்வே உச்சரிப்பில், ஒவ்வொரு சொல்லாக, கல்லை எடுத்து வைப்பது மாதிரிச் சொன்னாள்:

“என் தாத்தா பேர் சடையன். அவர் தப்பு அடிச்சார். என் அப்பா தப்பு செஞ்சார்.”

வினைச்சொல் இரண்டும் சரியாக இருந்தன.

பிறகு திரையில் வீடியோ ஓடியது. அன்றைக்கு ஊரில் யாரோ எடுத்து வைத்திருந்ததை அக்காவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். அப்பாவின் சாவு வீடு. பாதி நிமிடம் ஒலியில்லாமல் ஓடியது. தப்புக்காரர்கள் குச்சியை ஓங்கினார்கள், ஆட்கள் ஆடினார்கள், சபையில் கதிரை நகரும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ, “சவுண்ட் வரேல்லை, சவுண்ட் வரேல்லை” என்றார்கள். அஞ்சனா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கைப்பேசியில் விரலை வைத்தாள்.

ஒலி வந்தது.

பத்து வருசம் கழித்து என் அப்பாவின் சாவுத் தப்பை நான் கேட்டேன். அழுதேன், மறைக்கவில்லை. ரமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மேடை ஓரத்தில் சிவபாலன் அண்ணையின் வலது சப்பாத்து தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவரும் குனிந்து அதைப் பார்த்தார். அவசரமாக நிறுத்திக்கொண்டார்.

கைதட்டல் அங்கங்கே விழுந்தது. சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். வழக்கமாக எங்களோடு ஒரே மேசையில் இருக்கும் குடும்பம் அன்றைக்கு வேறு மேசை பார்த்துக்கொண்டது. பரிசுக் கைப்பேசி மூக்கில் விபூதி பூசிய பிள்ளைக்குப் போனது.

சங்கம் அந்த வீடியோவைத் தன் பக்கத்தில் போடவில்லை. அண்ணையின் அறிவிப்பும் தன் பேச்சும் சேர்ந்த மேடைப் பதிவாகவே அஞ்சனா அதைத் தன் பக்கத்தில் போட்டாள். அக்கா பார்த்துவிட்டு அழைத்தாள். “ஏன்டா தம்பி, நம்ம அப்பா மிருதங்கமாமே? எனக்குச் சொல்லவே இல்லையேடா!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. “அன்னைக்கு ஒனக்கு நல்லாக் கேக்கட்டும்னுதான்டா நா போனத் தப்புக்கிட்டயே புடிச்சிக்கிட்டு நின்னேன். கை மரத்துப் போச்சு” என்றாள்.

அன்று மாலை அந்த வீடியோவைத் திறந்தேன். அஞ்சனா சொன்ன தமிழின் கீழே செயலி தானாகவே நோர்வே மொழியில் எழுதி வைத்திருந்தது: ‘அவர் தவறு செய்தார். என் அப்பா தவறு செய்தார்.’ இரண்டு வரியும் ஒரே மாதிரி. பக்கத்தில் ஒரு பொத்தான், மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் திருத்தலாம் என்றது.

முதல் வரியை அழித்தேன். மேளம் என்று போட நினைத்து, வேண்டாம் என்று ‘அவர் தப்பு அடித்தார்’ என்பதில் தப்பைத் தப்பாகவே அவர்கள் எழுத்தில் எழுதினேன். தெரியாதவர்கள் கேட்கட்டும், சொல்கிறேன்.

அடுத்த வரியிலும் திருத்தம் உண்டா என்று செயலி கேட்டது. இல்லை என்று அழுத்தினேன்.